சிறு மந்தையும் பெருஞ்சந்தையும்

1997ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 6ஆம் நாள். அமெரிக்க நாட்டின் பாஸ்டன் நகரில் 'மேக்வேர்ல்ட்' என்னும் கண்காட்சி கூடியிருந்தது. ஆப்பிள் நிறுவனத்தின் மேக்கின்டாஷ் கணிப்பொறியை வாங்கியவர்களும், அதற்கு மென்பொருள் எழுதியவர்களும், அதன்மேல் தீராத பற்று வைத்திருந்தவர்களும் ஆண்டுதோறும் ஒன்றுகூடும் விழா அது. மேடையில் நின்றவர் அந்நிறுவனத்தைத் தோற்றுவித்தோருள் ஒருவரான ஸ்டீவ் ஜாப்ஸ். 1985இல் நிறுவனத்தைவிட்டு விலக நேர்ந்து, பன்னிரண்டு ஆண்டுகள் கழித்துத் திரும்பியிருந்தார். அவர் ஒரு செய்தி சொன்னார்: மேக்கின்டாஷ் அன்பர்கள் பரம எதிரியாகக் கருதிவந்த மைக்ரோசாஃப்ட் நிறுவனம் ஆப்பிளின் பங்குகளில் 15 கோடி டாலர் முதலீடு செய்கிறது, தன் அலுவலக மென்பொருளை மேக்கின்டாஷுக்கும் ஐந்தாண்டுக் காலம் தொடர்ந்து வழங்கும். அடுத்து, மேடையின் பின்னிருந்த மாபெரும் திரையில் பில் கேட்ஸின் முகம் தோன்றியது. மண்டபத்தில் எள்ளல் கூச்சல் எழுந்தது. ஆப்பிள் வெல்ல வேண்டுமானால் மைக்ரோசாஃப்ட் தோற்றாக வேண்டும் என்னும் எண்ணத்தை நாம் கைவிட வேண்டும் என்று ஜாப்ஸ் அக்கூட்டத்திற்கு எடுத்துரைத்தார். அதே நாளில் ஆப்பிள் பங்கின் விலை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு உயர்ந்தது.

சரிந்துகொண்டிருந்த வீட்டிற்கு ஒருவன் தூண் கொடுக்கிறான். அவ்வீட்டை நேசித்தவர்கள் ஏன் கூச்சலிட்டார்கள்? வணிக வரலாறு எழுதுவோர் இக்கேள்வியை ஒரு வரியில் கடந்துவிடுகின்றனர். நமக்கோ அதில் நின்று நோக்க வேண்டிய மனித வரலாறு ஒன்று இருப்பதாகத் தோன்றுகிறது. அதை விளங்கிக்கொள்ளப் பதின்மூன்று ஆண்டுகள் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

1984ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 24ஆம் நாள் மேக்கின்டாஷ் வெளியிடப்பட்டது. விலை 2,495 டாலர். அக்காலத்தில் கணிப்பொறி என்றால் ஐ.பி.எம். நிறுவனத்தின் பெட்டியும் அதன் வழிவந்தவையுமே. கறுத்த திரையில் கட்டளைகளை எழுத்துப் பிசகாமல் தட்டச்சு செய்தால்தான் அது பணி செய்யும். மேக்கின்டாஷோ வெண்மையான சிறு திரையில் கோப்புகளையும் குப்பைக் கூடையையும் படங்களாகக் காட்டியது. கையடக்கமான 'மௌஸ்' கொண்டு அவற்றைச் சுட்டினால் போதும். வெளியீட்டிற்கு இரு நாள் முன்பு, கால்பந்து இறுதிப் போட்டியின் நடுவே ஒரு விளம்பரம் ஒளிபரப்பாயிற்று. சாம்பல் நிற மனிதர்கள் வரிசையாக அமர்ந்து, பெருந்திரையில் பேசும் தலைவன் ஒருவனின் முகத்தை வெறித்து நோக்குகின்றனர். ஓர் இளம்பெண் ஓடிவந்து சம்மட்டியை வீசி அத்திரையை உடைக்கிறாள். பதின்மூன்று ஆண்டுகள் கழித்துப் பாஸ்டனில் பெருந்திரையில் ஒரு முகம் தோன்றியபோது, அங்கிருந்தோர் பலருக்கு எது நினைவுக்கு வந்திருக்கும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

அந்நிறுவனத்தார் தங்கள் பணியாளர் சிலருக்குக் கொடுத்த பதவிப் பெயர் நம் கவனத்திற்கு உரியது. மேக்கின்டாஷுக்கு மென்பொருள் எழுதுமாறு பிற நிறுவனங்களைச் சென்று இணங்கவைப்பவருக்கு 'நற்செய்தியாளர்' என்று பெயரிட்டனர். மைக் பாய்ச் என்பவர் முதலிலும், அவரைத் தொடர்ந்து கை கவாசாகி என்பவரும் அப்பணியில் இருந்தனர். நமக்கு அது புனிதமான சொல். அவர்களுக்கு அது பாதி விளையாட்டு. ஆயினும் சொற்களுக்கு ஒரு தனி ஆற்றல் உண்டு. ஊதியம் பெற்ற சிலருக்கு இட்ட பெயரை, ஊதியம் பெறாத ஆயிரக்கணக்கானோர் தமதாக்கிக்கொண்டனர். 1984ஆம் ஆண்டிலேயே பெர்க்லி நகரில் பயன்படுத்துவோர் குழுவொன்று தோன்றியது. பிற நகரங்களிலும் இத்தகைய குழுக்கள் எழுந்தன. மாலை வேளைகளில் கூடி, ஒருவர் அறிந்ததை மற்றவர்க்குக் கற்பித்து, மென்பொருள்களைப் பகிர்ந்துகொண்டனர். கடைகளில் மேக்கின்டாஷ் ஒரு மூலையில் தூசி படிந்து கிடந்தால், வாங்க வந்த அன்பரே அதைச் சரிசெய்து, பக்கத்தில் நிற்கும் அறிமுகமில்லாதவருக்கு அதன் சிறப்பை விளக்குவாராம். பெட்டியோடு வரும் வானவில் நிற ஆப்பிள் ஒட்டுப்படத்தைக் கார்க் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டனர். சாலையில் அதைக் கண்ட இன்னொருவர் 'இவரும் நம்மவர்' என்று அறிந்துகொள்வார்.

வெறும் உணர்ச்சி மட்டும் இதற்குக் காரணமன்று. 1985இல் ஆப்பிளின் லேசர் அச்சுப்பொறியும், ஆல்டஸ் நிறுவனத்தின் 'பேஜ்மேக்கர்' மென்பொருளும் வந்தபின், ஒரு மேசையில் அமர்ந்து ஒரு தனி மனிதர் இதழொன்றை வடிவமைத்து அச்சுக்குக் கொடுப்பது இயல்வதாயிற்று. ஓவியர், ஆசிரியர், அச்சுத் தொழிலாளர், இசைஞர் ஆகியோர்க்குக் கருவி ஒன்று கைவந்தது. ஈயத்தில் எழுத்துக் கோத்துச் சிற்றிதழ் நடத்திய தலைமுறையை அறிந்த நம் வாசகர்களுக்கு இதன் அருமையை விளக்க வேண்டியதில்லை.

இத்தாலிய அறிஞர் உம்பெர்த்தோ எக்கோ 1994ஆம் ஆண்டில் 'லெஸ்பிரெஸ்ஸோ' இதழில் எழுதிய பத்தி ஒன்று இவ்வகையில் பெயர் பெற்றது. உலகில் ஒரு புதிய மதப்போர் நிகழ்கிறது என்றும், மேக்கின்டாஷ் கத்தோலிக்கம், டாஸ் முறை சீர்திருத்தச் சபை என்றும் அவர் வேடிக்கையாகப் பகுத்தார். மேக்கின்டாஷ் தன் மக்களைப் படிப்படியாகக் கைபிடித்து அழைத்துச் செல்கிறது, படங்களால் கற்பிக்கிறது, எல்லாருக்கும் மீட்பு உண்டு என்கிறது. டாஸ் முறையோ ஒவ்வொருவரும் தாமே பொருள்கொள்ள வேண்டும், கடின முடிவுகளைத் தாமே எடுக்க வேண்டும், எல்லாரும் கரைசேர்வர் என்பதற்கு உறுதியில்லை என்கிறது. விண்டோஸை ஆங்கிலிக்கன் சபைக்கு ஒப்பிட்டார். பேராலயத்தில் பெரிய சடங்குகள் நடக்கும். ஆனால் விரும்பினால் பின்வாசல் வழியே டாஸுக்குத் திரும்பிவிடலாம்! மேக்கின்டாஷில் இயேசு சபையாரின் கல்வி முறையின் சாயலைக் கண்டதாகவும் அவர் எழுதியது குருமடத்தில் பயின்ற எவருக்கும் புன்னகை வருவிக்கும். எக்கோ இதை நகையாடலாகவே எழுதினார். ஆனால் அன்பர்களோ அதைத் தமக்குரிய சான்றிதழ்போல் கைக்குக் கை மாற்றிப் படித்தனர்.

அப்போது வீடு சரியத் தொடங்கியிருந்தது. 1995 ஆகஸ்டில் விண்டோஸ் 95 வெளிவந்து உலகச் சந்தையை வாரிக்கொண்டது. மேக்கின்டாஷில் ஆறாண்டுகளுக்கு முன் இருந்ததைத்தான் இப்போது தருகிறார்கள் என்று பொருள்படும் வாசகத்தைக் கார்களில் ஒட்டி அன்பர்கள் ஆறுதல் தேடினர். கணக்குப் புத்தகம் வேறு கதை சொல்லிற்று. 1996 நிதியாண்டில் ஆப்பிளுக்கு 80 கோடி டாலருக்கு மேல் இழப்பு. 1997இல் 100 கோடியையும் தாண்டிய இழப்பு. 1997 சூன் மாத 'வயர்டு' இதழின் அட்டையில் ஆப்பிள் சின்னத்திற்கு முள்முடி சூட்டி, 'மன்றாடுங்கள்' எனப் பொருள்படும் ஒரே சொல்லை அச்சிட்டிருந்தனர். அது நமக்கு உவப்பான படமன்று. எனினும், அன்றைய அன்பர்கள் தம்மை எவ்வாறு கண்டார்கள் என்பதற்கு அதனினும் தெளிவான சான்று இல்லை. உண்மை தம்மிடம் இருக்கிறது, உலகம் அதை அறியவில்லை, தாம் துன்புறுத்தப்படும் எஞ்சியோர் என்று அவர்கள் எண்ணினர்.

சிறுபான்மையாய் இருப்பதில் ஓர் இன்பம் உண்டு என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். கூட்டத்தோடு கூட்டமாய்ப் போகாமல் தெரிந்து தேர்ந்தவன் என்னும் பெருமிதம் அது. தன்னைப் போன்றவனை எங்கே கண்டாலும் சகோதரனாகக் காணும் நெருக்கம் அது. எல்லாவற்றிற்கும் மேலாக, 'நான் பேசாவிட்டால் இது அழிந்துவிடும்' என்னும் பொறுப்புணர்வு மனிதனுக்குத் தரும் எடை வேறெதிலும் கிடைப்பதில்லை. உலகம் முழுவதும் மேக்கின்டாஷை ஏற்க வேண்டும் என்று அவர்கள் உளமார விரும்பினர். ஏற்றுவிட்டால் தம் நிலை என்னாகும் என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. பாஸ்டன் மண்டபத்தின் கூச்சல், அக்கேள்வி முதன்முதலாக அவர்களைத் தீண்டிய கணம் என்று நாம் கருதுகிறோம். காப்பாற்றுகிறவர்கள் தாங்களே என்று நம்பியிருந்தார்கள். காப்பாற்ற வேறொருவன் வந்துவிட்டான்.

அதன்பின் நிகழ்ந்தவை விரைந்தன. 1998 ஆகஸ்டில் நீலநிறக் கண்ணாடிபோன்ற 'ஐமேக்' வந்தது. அதில் நெகிழ்தட்டு செருகும் வசதி இல்லை. பழைய இணைப்பு வாய்களும் இல்லை. பல ஆண்டுகள் சேர்த்துவைத்த அச்சுப்பொறிகளும் தட்டுகளும் ஒரே நாளில் பழம்பொருளாயின என்று பழையவர்கள் குறைகூறினர். புதியவர்களோ அள்ளிச் சென்றனர். அவ்வாண்டு இறுதிக்குள் எட்டு லட்சம் விற்றன. 2001இல் முற்றிலும் புதிய இயக்க முறை வந்தது. 2002 மே மாதத்தில், மென்பொருள் எழுதுவோர் கூடிய மாநாட்டு மேடையில் சவப்பெட்டி ஒன்றை வைத்து, பழைய இயக்க முறைக்கு ஜாப்ஸ் நீத்தார் சடங்கே நடத்தினார்! கூடியிருந்தோர் சிரித்தனர். ஆனால் பதினேழு பதினெட்டு ஆண்டுகள் அம்முறையின் ஒவ்வொரு மூலையையும் கற்று வைத்திருந்தவனுக்கு அது தன் கல்வியின் அடக்கமும் அன்றோ? அவ்வாண்டு சூனில் 'மாறி வாருங்கள்' என்னும் விளம்பர வரிசை தொடங்கியது. விண்டோஸிலிருந்து மாறியவர்கள் அதில் தோன்றித் தம் கதையைச் சொன்னார்கள். நிறுவனத்தின் முகம் இப்போது வெளியே நிற்பவர்களை நோக்கித் திரும்பிவிட்டது.

2001 அக்டோபரில் வந்த 'ஐபாட்' என்னும் சிறு இசைக்கருவி முதலில் மேக்கின்டாஷோடு மட்டுமே இயங்கிற்று. அடுத்த ஆண்டே அது விண்டோஸுக்கும் திறக்கப்பட்டது. 2005ஆம் ஆண்டின் கடைசி மூன்று மாதங்களில் விற்ற ஐபாடுகள் 1 கோடியே 40 லட்சம். மேக்கின்டாஷ் கணிப்பொறிகள் பன்னிரண்டரை லட்சம். தெருவில் வெள்ளைக் கம்பியைக் காதில் செருகிச் செல்லும் இளைஞரிடம் 'நீரும் நம்மவரோ?' என்று கேட்டால் அவர் விழிப்பார். அதே ஆண்டு சூன் 6ஆம் நாள், மேக்கின்டாஷ் இனி இன்டெல் நிறுவனத்தின் செயலிகளைக் கொண்டே இயங்கும் என்று ஜாப்ஸ் அறிவித்தார். ஏழாண்டுகளுக்கு முன் அதே இன்டெல் செயலியை நத்தையின் முதுகில் ஏற்றிக் காட்டிக் கேலி செய்த விளம்பரத்தை அன்பர்கள் மறந்திருக்கவில்லை. எத்தனை இரவுகள், எத்தனை நண்பர்களோடு, இன்டெல்லைவிடத் தம் செயலியே மேலானது என்று அவர்கள் வாதாடியிருப்பார்கள்! அந்த வாதங்கள் அனைத்தும் ஒரே காலையில் பொருளற்றுப்போயின.

2007 சனவரி 9ஆம் நாள் சான் பிரான்சிஸ்கோவில் மேக்வேர்ல்ட் விழா. அன்று அறிமுகமானது 'ஐபோன்'. மேக்கின்டாஷுக்கென்றே எழுந்த விழாவில் மேக்கின்டாஷைப் பற்றி மிகச் சிறிதே பேசப்பட்டது. உரையின் முடிவில், 'ஆப்பிள் கம்ப்யூட்டர்' என்னும் நிறுவனப் பெயரிலிருந்து 'கம்ப்யூட்டர்' என்ற சொல் நீக்கப்படுவதாக அறிவித்தனர். ஏப்ரலில், ஐபோன் வேலைக்குப் பொறியாளர்களை எடுத்துக்கொண்டமையால் மேக்கின்டாஷின் புதிய இயக்க முறை சூனிலிருந்து அக்டோபருக்குத் தள்ளிப்போவதாகச் செய்தி வந்தது. சூன் 29ஆம் நாள் கடைகளின் முன் வரிசையில் நின்று 599 டாலர் கொடுத்து ஐபோனை முதலில் வாங்கியோர், பெரும்பாலும் பழைய அன்பர்களே. அறுபத்தெட்டு நாள் கழித்து, செப்டம்பர் 5ஆம் நாள், அதன் விலை 399 டாலராகக் குறைக்கப்பட்டது. சீற்றம் எழுந்தது. மறுநாளே ஜாப்ஸ் திறந்த மடல் எழுதி வருந்தினார். முதலில் வாங்கியவர்களுக்கு 100 டாலர் மதிப்புள்ள பற்றுச்சீட்டும் தந்தார். திராட்சைத் தோட்ட வேலையாள்களின் உவமையில் விடியற்காலையில் வந்தவனுக்கும் மாலையில் வந்தவனுக்கும் கூலி ஒன்றே. இங்கோ முதலில் வந்தவனே அதிகம் கொடுத்தான். முணுமுணுத்ததற்காக அவனை நாம் எளிதில் கடிந்துகொள்ள இயலாது.

ஆயினும், எல்லாவற்றிலும் ஆழமாகப் புண்படுத்தியது விலையும் அன்று, செயலியும் அன்று. 2008 டிசம்பர் 16ஆம் நாள் ஆப்பிள் ஓர் அறிக்கை விட்டது: வரும் சனவரி மேக்வேர்ல்டே தாங்கள் பங்குபெறும் கடைசி விழா, அதிலும் தொடக்கவுரையை ஜாப்ஸ் ஆற்றமாட்டார். அதற்குச் சொன்ன காரணங்களுள் ஒன்றை ஊன்றிப் பார்க்க வேண்டும். வாரந்தோறும் 35 லட்சம் பேர் ஆப்பிள் கடைகளுக்கு வருகிறார்கள். மக்களைச் சென்றடையக் கண்காட்சிகள் இனித் தேவையில்லை என்றனர். 2001 மே மாதத்தில் இரண்டே இரண்டு கடைகளாகத் தொடங்கிய ஏற்பாடு அது. அக்கடைகளில் ஒரே நிறச் சட்டை அணிந்த இளைஞர்கள் வாடிக்கையாளரின் ஐயம் தீர்க்கிறார்கள். முன்பு மாலை வேளையில் குழுக் கூட்டத்தில் அன்பர் ஒருவர் இலவசமாகச் செய்த அதே பணிதான். இப்போது ஊதியத்தோடு, விளக்கொளி மிக்க கூடத்தில் நடைபெறுகிறது. கணக்குப்படி நிறுவனம் செய்தது சரியே. ஒரு வாரத்தில் 35 லட்சம் பேரைக் காண்பவனுக்கு ஆண்டுக்கொரு முறை கூடும் சில பத்தாயிரம் பேர் எம்மட்டு? 2009 சனவரியில் ஃபில் ஷில்லர் என்னும் அதிகாரி அக்கடைசி உரையை ஆற்றினார். தலைவர் வராத திருவிழா இன்னும் சில ஆண்டுகள் நடந்து, 2014க்குப் பின் கூடாமலே நின்றுபோயிற்று.

அன்பர்கள் எப்படி எதிர்கொண்டார்கள்? ஒரு சாரார் மெய்யாகவே மகிழ்ந்தனர். 2010 மே மாதத்தில் பங்குச் சந்தை மதிப்பில் ஆப்பிள் மைக்ரோசாஃப்டைக் கடந்தபோது தம் பழைய பந்தயத்தில் வென்றதுபோல் கொண்டாடினர். ஒரு சாரார் புதிதாய் வந்தோரை ஏளனம் செய்தனர்: இவர்கள் நாகரிகத்திற்காக வாங்குகிறார்கள், பொருளின் உள்ளத்தை அறியார் என்று. இது நமக்கு ஏற்புடையதன்று. கதவைத் தட்டித் தட்டி அழைத்தவனே, வந்தவனை வாசலில் நிறுத்திச் சோதிப்பது எவ்வகை நேர்மை? ஊதாரி மைந்தனின் அண்ணனுக்கு வீட்டினுள் செல்ல மனம் வராத அதே நிலைதான் இது.

எனினும் எல்லாக் குறைகளும் பொறாமையில் பிறந்தவை அல்ல. 2011 சூனில், திரைப்படத் தொகுப்பாளர்கள் பெரிதும் நம்பியிருந்த 'ஃபைனல் கட்' மென்பொருளை ஆப்பிள் புதிதாக எழுதி வெளியிட்டது. அதில் முன்னர்ச் செய்த வேலைகளைத் திறக்க இயலவில்லை; பல ஒளிப்படக் கருவிகளின் காட்சிகளை ஒருங்கே தொகுக்கும் வசதியும் தொடக்கத்தில் இல்லை. விலை மட்டும் குறைந்திருந்தது. வீட்டுப் படம் எடுப்போருக்காகத் தம்மைக் கைவிட்டனர் என்று தொழிலர்கள் மனம் கசந்து முறையீடு எழுதினர். இருண்ட ஆண்டுகளில் அந்நிறுவனத்தைத் தாங்கியவர்களில் இத்தொழிலர்களும் அடங்குவர். சில வசதிகள் பின்னர்ச் சேர்க்கப்பட்டன. ஆனால் பலர் வேறு கருவிக்குப் போய்விட்டிருந்தனர். 2013இல் உருளை வடிவில் வெளியிட்ட உயர்திறன் கணிப்பொறி தவறான வடிவமைப்பு என்பதை 2017 ஏப்ரலில் ஒருசில செய்தியாளர்களை அழைத்து நிறுவனமே ஒப்புக்கொண்டது. பழையவர்கள் நான்கு ஆண்டுகளாகச் சொல்லிவந்தது அதுவே.

வேறொரு சாரார் பின்வாங்கிச் சென்றனர். ஆப்பிள் 1998இல் கைவிட்ட 'நியூட்டன்' என்னும் கையடக்கக் கருவியை விடாமல் பயன்படுத்தியோரை மூனிஸ், ஷா என்னும் ஆய்வாளர் இருவர் ஆராய்ந்து 2005இல் கட்டுரை வெளியிட்டனர். அவர்களிடையே வழங்கிய கதைகளில் துன்புறுத்தல், வியத்தகு முறையில் உயிர்பெற்ற கருவிகள், மீண்டும் எழும் என்னும் எதிர்பார்ப்பு ஆகியவை இருப்பதை அவர்கள் எடுத்துக்காட்டினர். திருச்சபை வரலாறு பயின்றவருக்கு நான்காம் நூற்றாண்டு நினைவுக்கு வரும். கான்ஸ்டன்டைன் பேரரசரின் காலத்தில் ஆலயக் கதவுகள் திறந்து, அரசவையினரும் வணிகரும் உள்ளே நுழைந்தனர். அக்காலத்திலேதான் எகிப்தியப் பாலைவனத்தை நாடிச் சென்ற துறவியரின் எண்ணிக்கை பெருகிற்று. மறைசாட்சியாய் இறப்பதற்கு வாய்ப்பற்ற உலகில் சான்று பகர வேறு வழி தேடினர். ஒரு வணிகப் பொருளின் கதையை இதனோடு ஒருசேர வைப்பது மிகையே. உண்மையைச் சொன்னால், இவ்வொப்புமையை எழுதவும் நாம் சற்றுத் தயங்கினோம். ஆயின் மனித மனத்தின் அசைவு இரண்டிலும் ஒத்திருப்பதைக் காணாதிருக்க முடியவில்லை.

இன்று ஐபோன்கள் நம் திருப்பெரும்புதூர் வட்டாரத்து ஆலையிலும் உருவாகின்றன. காலைப் பணிமுறைக்குப் பேருந்தில் செல்லும் நம் பெண்மக்கள் அவற்றைப் பொருத்துகிறார்கள். முள்முடிப் படத்தைப் பற்றியோ பாஸ்டன் கூச்சலைப் பற்றியோ அவர்கள் கேள்விப்பட்டிருக்க வேண்டிய தேவையில்லை.

1984ஆம் ஆண்டின் முதல் மேக்கின்டாஷ் பெட்டிகளைத் தேடி வாங்கிப் பழுதுபார்க்கும் அன்பர்கள் இன்றும் பல நாடுகளில் இருக்கிறார்கள். அப்பெட்டியைத் திறப்பது எளிதன்று. நட்சத்திர முனை கொண்ட நீண்ட திருப்புளி வேண்டும். திறந்தால், பின்புற உறையின் உட்சுவரில் கையொப்பங்கள் புடைத்து நிற்கும். 1982இல் அதை உருவாக்கிய குழுவினர் ஒரு தாளில் இட்ட கையொப்பங்கள் அவை. வாங்குகிறவர் ஒருபோதும் காணாத இடத்தில் அவற்றை வார்ப்பிலேயே பதித்திருந்தனர். மின்பலகையை மாற்ற வந்தவர், வேலையை நிறுத்திவிட்டு, மேசை விளக்கை அருகே இழுத்து, அப்பெயர்களை ஒவ்வொன்றாகப் படிக்கிறார்.